குழு விவாதத்தில் வாயே வரவில்லை என்ற ஆத்தூர் தம்பிக்கு

தம்பி, ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரிகள்ல சேரத் தயாராகுறப்போ, குழு விவாதத்துல மத்தவங்க ஆங்கிலத்துல சத்தமா பேசும்போது உங்களுக்கு வாயே வரலைன்னு எழுதியிருந்தீங்க. முதல்ல அழைப்புக் கடிதத்தைப் பாருங்க. பல ஐஐஎம்கள்ல இப்ப குழு விவாதமே கிடையாது, கட்டுரையும் நேர்காணலும்தான். விவாதம் இருந்தாலும் முதல் ஆளா பேசணும்னு இல்லை. ரெண்டு பேர் சொன்னதைச் சேர்த்து, விட்டுப்போன ஒண்ணை எடுத்துச் சொன்னா கவனிப்பாங்க.

அப்பாவோட சேகோ (ஜவ்வரிசி) ஆலையைப் பத்திச் சொல்லக் கூச்சம்னீங்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. நேர்காணல்ல உங்க பலமே அதுதான்! மரவள்ளி விலை ஏன் ஏறி இறங்குது, ஒரு டன் கிழங்குக்கு எவ்வளவு ஜவ்வரிசி தேறும், ஜவ்வரிசி ஆலைகளோட கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ்ல விற்பனை எப்படி நடக்குது, சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல கிடைச்ச புவிசார் குறியீட்டால என்ன மாறுச்சு? அப்பாகிட்ட உட்கார்ந்து கேளுங்க. அப்புறம் அதையே ஆங்கிலத்துல வாய்விட்டுச் சொல்லி, போன்ல பதிவு பண்ணிக் கேட்டுப் பாருங்க.