வாரிசு வரிக்குப் பயந்து நிலத்தை இப்போதே பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா?

அப்பா சொந்தமாகக் கிரயம் வாங்கிய நாலு ஏக்கர் இருக்கிறது. வாரிசு வரி, அதாவது ஒருவர் இறந்தபின் வாரிசுகளுக்குப் போகும் சொத்துக்கு வரி, வரப்போகிறது என்று யாரோ சொன்னதால் பிள்ளைகள் பேருக்கு உடனே செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம்) எழுதிவிட நினைக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவரை அவசரப்பட விடாதீர்கள்.

இந்தியாவில் இன்று வாரிசு வரி கிடையாது. 1953-இல் கொண்டுவந்த எஸ்டேட் டியூட்டி என்று ஒன்று இருந்தது. பெரிய சொத்துகளுக்கு 85 சதவீதம் வரை போட்டார்கள். வசூல் சொற்பம், நிர்வாகச் செலவு அதிகம் என்று 1985-இல் அன்றைய நிதியமைச்சர் வி.பி. சிங் அதை எடுத்துவிட்டார். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் மறுபடி பேச்சு கிளம்பியது, அவ்வளவுதான்; சட்டம் எதுவும் வரவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்தாலும், உயில் வழியாக வந்தாலும், உங்களுக்கு அதில் வருமான வரி இல்லை.

வரி வருவது நீங்கள் விற்கும்போது. அப்பா வாங்கிய விலைதான் உங்கள் வாங்கிய விலையாகக் கணக்காகும். அவர் 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியிருந்தால், 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். நகராட்சி எல்லையிலிருந்து தள்ளியிருக்கும் கிராமத்து விவசாய நிலமென்றால் அந்த வரியும் இல்லை. ஆகவே அவருடைய பழைய கிரயப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது செட்டில்மென்ட்தான். பதிவு செய்து கொடுத்துவிட்டால் அப்பா நினைத்தபோது தனியாக ரத்து செய்ய முடியாது. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து நிற்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் அதை ரத்து செய்ய வழி இருக்கிறது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால்தான் வழக்கு வலுவாக நிற்கும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், தன் ஆயுள் வரைக்கும், தனக்குப் பின் அம்மாவின் ஆயுள் வரைக்கும் அனுபவ உரிமை என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000.

உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து பெறுகிறவர் சாட்சியாக நிற்காமல் இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் பதிந்துவிடுங்கள். பிற்பாடு யாராவது போலி என்று கிளப்பினால் உதவும்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. அப்புறம், உங்கள் பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பங்கு பாட்டிக்குப் பின் அத்தை, சித்தப்பா வரை போகும். எங்கள் சொந்தத்தில் ஒரு நிலம் இப்படித்தான் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் ஒரே ஒரு கையெழுத்துக்காக வருஷக்கணக்கில் கிடந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள்.

முதல் வேலையாக வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டா அப்பா பேருக்கு மாறியிருக்கிறதா, சர்வே எண்ணும் உட்பிரிவும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். வித்தியாசம் இருந்தால் உயில் எழுதுவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் சரிசெய்துவிடுங்கள். அப்பாவே நேரில் போய்க் கையெழுத்துப் போட முடிகிற இப்போது அது சுலபம்.