உண்ட வீட்டுக்கு ரெண்டகமா?

கேள்வி: சார், பத்து வருஷமா ஒரே கம்பெனில இருக்கேன். கஸ்டமர்கிட்ட எப்படி பேசணும்ங்கறதுலேர்ந்து தப்பு பண்ணா எப்படி ஒத்துக்கணும்ங்கறது வரைக்கும் எல்லாம் ஃபவுண்டர் கத்துக்கொடுத்ததுதான். இப்ப வேற எடத்துல பெரிய பொறுப்பு கெடைக்குது. அப்பா, 'உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாதே'ங்கறார். போறது தப்பா?
(பெயர் வேண்டாம்)

பதில்: தப்பே இல்ல தம்பி. ஆனா அப்பா சொல்றத சட்டுனு தள்ளிடாதீங்க, ஒரே முதலாளிகிட்ட வேலை பாத்து குடும்பத்த கரை சேத்த தலைமுறை அது. அந்த நன்றி உங்களுக்கும் அவர்கிட்டேர்ந்துதான் வந்துருக்கு, இல்லன்னா இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது.

மின்சாரத்துல பெரிய கண்டுபிடிப்புகள செஞ்ச விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கதைய கேளுங்க. அப்பா இரும்புக் கொல்லர், வீட்ல வறுமை, 14 வயசுல புக் பைண்டிங் கடைல அப்ரண்டிஸா சேத்துவிட்டாங்க, பைண்டிங்குக்கு வர்ற புஸ்தகத்தயெல்லாம் பையன் படிக்கறத அந்த ஓனர் தடுக்கல, மின்சாரத்து மேல ஆசை அங்கதான் வந்துச்சு. 1812-ல அப்ப பேர்போன வேதியியல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியோட லெக்சர்கள கேட்டு, எடுத்த நோட்ஸ அழகா பைண்ட் பண்ணி அவருக்கே அனுப்பினாரு, 1813-ல லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ங்கற ஆராய்ச்சி நிலையத்துல டேவிக்கு அசிஸ்டன்ட் வேலை கெடைச்சுது. பழைய முதலாளி கத்துக்கொடுத்த தொழில்தான் புது குருகிட்ட கொண்டுபோய் சேத்துச்சு பாருங்க.

ஆனா அதே டேவி, 1824-ல ஃபாரடேய ராயல் சொசைட்டிங்கற விஞ்ஞானிகள் சங்கத்துல உறுப்பினரா சேக்கறப்ப எதிர்த்தாரு, அப்ப அவர்தான் அதுக்குத் தலைவர். எதிர்ப்ப மீறி ஃபாரடே உள்ள வந்துட்டாரு, டேவி செஞ்ச உதவிய மட்டும் கடைசிவரைக்கும் மரியாதையோடதான் பேசினாரு. எனக்கு இந்த எடம் ரொம்ப முக்கியமா படுது. சிஷ்யன் சமமா வந்து நிக்கறத சில குருவால தாங்க முடியாது, அதுக்காக அவர் கத்துக்கொடுத்தது பொய்யாயிடாது.

இஸ்ரோ தலைவரா இருந்த சதீஷ் தவான் மாதிரி ஆளுங்களும் இருக்காங்க. 1979-ல கலாம் தலைமைல செஞ்ச எஸ்எல்வி-3 ராக்கெட் தோத்தப்ப பத்திரிகைக்காரங்க முன்னாடி தானே நின்னாரு, 1980-ல ஜெயிச்சப்ப கலாம பேசச் சொல்லிட்டாரு.

உங்க ஃபவுண்டர் எந்த ரகம்னு எனக்குத் தெரியாது. பொதுவா ஃபவுண்டருங்க தங்க கம்பெனிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கத்துக்கொடுப்பாங்க, அதுக்கு மேல நீங்க வளரலாம்ங்கற நெனப்பே பல பேருக்கு வராது, கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, அவங்க தலைல எப்பவும் கம்பெனிதான் ஓடிட்டிருக்கும். அதனால உங்க அடுத்த படிய நீங்கதான் யோசிக்கணும்.

போறதுன்னு முடிவாச்சுன்னா மெயில் போடறதுக்கு முன்னாடி நேர்ல போய் சொல்லுங்க, வேற யார் வாயாலயும் அவருக்குத் தெரியக்கூடாது. சம்பளம் ஏத்தறேன்னு சொன்னா அத வெச்சு பேரம் பேசாதீங்க. உங்க வேலைக்கு ஒருத்தர தயார் பண்ணிக் குடுங்க, நோட்டீஸ் பீரியட்ல ஒருநாள்கூட ஏனோதானோன்னு இருக்காதீங்க. அவர் கோவப்பட்டா அன்னிக்கு எதிர்த்துப் பேசாம வந்துடுங்க, ரெண்டு நாள் விட்டு திரும்ப போய்ப் பாருங்க.