கேரவனுக்கு பிரேக் கன்ட்ரோலர்: நானே மாட்டலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மெல்போர்ன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, பழைய டொயோட்டா ப்ராடோ 150 கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், இப்போது இரண்டு ஆக்சில் உள்ள பழைய கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டுவண்டி) ஒன்று கைக்கு வரப்போகிறது. எலக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர் (காரிலிருந்து கேரவனின் பிரேக்குக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டி) இல்லாமல் அதை இழுக்கக்கூடாது என்று விற்பவர் சொல்கிறார். பட்டறையில் கேட்ட விலை தலையைச் சுற்றவைக்கிறது. அது கட்டாயமா, நானே மாட்டினால் சட்டப்படி தப்பா, 120 டாலருக்குப் பழைய கன்ட்ரோலர் ஒன்று கிடைக்கிறதே, வாங்கலாமா? இவைதானே கேள்விகள்.

கட்டாயமா என்பதைக் கேரவனின் எடைதான் முடிவு செய்யும். கேரவனின் முன்பக்கத்திலோ கதவுப் பக்கத்திலோ ஒரு தகடு இருக்கும். அதில் ஏடிஎம், ஜிடிஎம் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஏடிஎம் என்பது சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு கேரவன் இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. காரில் மாட்டிய பிறகு டோ பால் (காரின் பின்னால் கேரவனை மாட்டும் இரும்புப் பந்து) மேல் உட்காரும் எடையை, அதாவது பால் எடையைக் கழித்து, கேரவனின் சக்கரங்கள் மட்டும் சுமப்பது ஜிடிஎம். பிரேக் விதி பேசுவது ஜிடிஎம்மைப் பற்றி. 750 கிலோ வரையுள்ள ஒற்றை ஆக்சில் டிரெய்லருக்கு பிரேக்கே தேவையில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை ஒரு ஆக்சிலிலாவது பிரேக் வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே அதை இயக்க முடிய வேண்டும். கேரவன் கழன்றுபோனால் தானாகப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் பிடித்தபடி நிற்கும் பிரேக்அவே அமைப்பும் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு உங்கள் கேரவனின் ஏடிஎம் 2,400, பால் எடை 230 என்று வைத்தால் ஜிடிஎம் 2,170. அப்படியானால் பேச்சுக்கே இடமில்லை, கன்ட்ரோலரும் வேண்டும், பிரேக்அவேயும் வேண்டும்.

பன்னிங்ஸ் கடையில் வாடகைக்கு எடுத்த டிரெய்லரில் இதெல்லாம் இல்லையே என்று தோன்றலாம். சின்ன டிரெய்லர்களில் ஒன்று பிரேக்கே இருக்காது, அல்லது ஓவர்ரைடு பிரேக் இருக்கும். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் முட்டுகிற விசையே அதன் பிரேக்கை அழுத்திவிடும். அதற்குக் காரில் எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் 2,000 கிலோ ஜிடிஎம்முக்கு மேல் அது செல்லாது.

கையோடு காரையும் பார்த்துவிடுங்கள். ப்ராடோ 150 எல்லாமே 3,000 கிலோ இழுக்கும் என்று நம்பிவிட வேண்டாம். வருடமும் கியர்பாக்ஸும் மாறினால் 2,500 ஆகவும் இருக்கும். காரின் கையேட்டில் ஓர் எண் இருக்கும், டோ பாரின் (காரின் பின்னால் பொருத்திய இழுவைச் சட்டம்) தகட்டில் வேறொன்று இருக்கும், பந்து மாட்டும் நாக்கில் மூன்றாவது ஒன்று இருக்கும். மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. பால் எடை காரின் சுமையிலும் சேர்ந்துகொள்ளும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குடும்பம், ஃபிரிட்ஜ், கூரைமேல் சாமான் எல்லாம் ஏற்றிவிட்டுப் பொது எடை மேடைக்கு ஒருமுறை போய்வாருங்கள். செலவு கொஞ்சம்தான், கிடைக்கிற எண்கள் கண்ணைத் திறக்கும்.

சரி, நீங்களே மாட்டலாமா? மாட்டலாம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எல்லோருக்கும் வருகிற குழப்பம் இது. வீட்டில் ஒரு ப்ளக் பாயின்ட்டை மாற்றக்கூட உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும், நாமே தொட்டால் சட்டவிரோதம். அதனால் காரும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். காரின் 12 வோல்ட் வயரிங் அந்தக் கணக்கில் வராது. ஆனால் நாளை அந்த பிரேக் பிடிக்காமல் ஏதாவது நடந்தால், காவல்துறையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் முதலில் திரும்பிப் பார்ப்பது ஓட்டியவரைத்தான். மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரியும், கிரிம்ப் அடிக்க (வயர் முனையில் இணைப்பியை நசுக்கிப் பொருத்த) தெரியும், ஒரு சனிக்கிழமையை ஒதுக்க முடியும் என்றால் தாராளமாக இறங்குங்கள். இதில் ஏதாவது ஒன்று இல்லையென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவதுதான் நல்லது. இங்கே கூலிதான் விலை, பொருள் அல்ல.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் வயர்கள் தானே புரியும். கேரவன் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது சுற்றுகிற டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், டிரம் அதை இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் திரும்பி பிரேக் ஷூவை விரிக்கும். எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு பிடி. ஒரு காந்தம் முழு அளவில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். இரண்டு ஆக்சில், நான்கு சக்கரம் என்றால் 12 ஆம்பியர். கன்ட்ரோலரின் வேலை அந்த மின்சாரத்தை அளந்து விடுவது. பழைய, மலிவான வகைகள் பிரேக் விளக்கு எரிந்ததும் குறிப்பிட்ட வேகத்தில் ஏற்றிக்கொண்டே போகும், நீங்கள் மெல்ல அழுத்தினாலும் சரி, ஓங்கி அழுத்தினாலும் சரி. நல்ல வகைகளில் கார் எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை அளக்கும் உணரி உள்ளேயே இருக்கும். மெல்ல அழுத்தினால் மெல்ல, ஓங்கி அழுத்தினால் ஓங்கி. அடிலெய்டின் ரெட்ஆர்க் செய்யும் டோ-ப்ரோ, அமெரிக்காவின் டெகோன்ஷா ப்ராடிஜி எல்லாம் இந்த வகை. டோ-ப்ரோவை இங்கே பலர் விரும்புவதற்குக் காரணம், பெட்டியை டேஷ்போர்டுக்குப் பின்னால் எந்தக் கோணத்திலும் ஒளித்துவிடலாம், வெளியே ஒரு சின்னத் திருகு (கையால் திருப்பும் குமிழ்) மட்டும்தான் தெரியும். முழங்கால் இடிக்கிற இடத்தில் பெட்டி தொங்காது.

பெரும்பாலான கன்ட்ரோலர்களில் வெளியே வருவது நான்கு வயர். இங்கேதான் கவனம். கறுப்பு என்றால் எர்த் என்று கை பழகியிருக்கும். இதில் கறுப்புதான் பாட்டரியின் பாசிட்டிவ், வெள்ளைதான் எர்த். சிவப்பு, பிரேக் விளக்கிலிருந்து வரும் சிக்னல். நீலம், கேரவனின் பிரேக்குக்குப் போவது. உங்கள் பெட்டியோடு வரும் தாளில் நிறங்களை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

கறுப்பு வயருக்கு வேறு எங்கிருந்தும் ஒட்டு எடுக்காதீர்கள், நேராகப் பாட்டரியிலிருந்து தனி வயர் கொண்டுவாருங்கள். பாட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் ஒன்று, அதுவும் தானாக மீண்டு வரும் வகை. ஃபியூஸ் போடாததற்குக் காரணம் இருக்கிறது. மலைச்சரிவில் ஃபியூஸ் எரிந்தால் கேரவனின் பிரேக் அதோடு முடிந்தது. இந்த பிரேக்கர் ஆறியதும் மறுபடி இணைத்துவிடும். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வர ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடு) புது ஓட்டை போடும் முன், ஏற்கெனவே ரப்பர் அடைப்பு போட்ட இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் கிளட்ச்சுக்கான அடைப்பு சும்மா இருக்கும்.

வயரின் தடிமன் விஷயத்தில் இங்கே ஒரு தந்திரம் உண்டு. கடையில் 4 மி.மீ., 6 மி.மீ. ஆட்டோ கேபிள் என்று விற்பது மேலுறையோடு சேர்ந்த குறுக்களவு, செம்பின் பரப்பு அல்ல. 4 மி.மீ. என்பதில் செம்பு சுமார் 1.84 சதுர மி.மீ.தான், 6 மி.மீ. என்பதில் சுமார் 4.6. வண்டியின் பின்பக்கம் வரை 6 மீட்டர் ஓடுகிற நீல வயரில் 12 ஆம்பியர் போனால், மெல்லியதில் 0.67 வோல்ட் வழியிலேயே தொலையும், தடித்ததில் 0.27. பாட்டரியிலிருந்து வரும் வயர், எர்த், ப்ளக் என்று ஒவ்வொன்றிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சம் போனால் காந்தத்துக்கு மிஞ்சுவது குறைவு. பிரேக் சோம்பலாகப் பிடிக்கிறது என்று கன்ட்ரோலரைக் குறை சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையான வியாதி இதுவோ மோசமான எர்த்தோதான். வெள்ளை வயரையும் பாட்டரியின் நெகட்டிவுக்கே கொண்டுபோய்விடுங்கள், டேஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணில் பட்ட போல்ட்டில் கட்டாதீர்கள்.

நீலம் பின்பக்கம் போய் டிரெய்லர் சாக்கெட்டின் 5-ஆம் பின்னில் முடியும். ஆஸ்திரேலியாவில் 7 பின் தட்டைச் சாக்கெட் ஆனாலும் 12 பின் ஆனாலும் பிரேக்குக்கு 5-தான். எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து தள்ளி, நெளிகுழாய்க்குள் விட்டு, சேஸியோடு கட்டுங்கள்.

சிவப்பு வயர்தான் இந்த வேலையின் கஷ்டமான பகுதி. பெடலை அழுத்தும்போது மட்டும் 12 வோல்ட் வரும் வயரைப் பிடிக்க வேண்டும். பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சில் பல வயர்கள் இருக்கும். சில எப்போதும் 12 வோல்ட், சில பெடலை அழுத்தினால் பூஜ்யமாகும், சில கம்ப்யூட்டருக்குப் போகிறவை. பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் வேண்டாம், அது இழுக்கிற மின்சாரம் கம்ப்யூட்டர் பக்கத்தைக் கெடுக்கலாம். மல்டிமீட்டர் மட்டும். வயரைக் கடித்துப் பிடிக்கிற நீலக் கிளிப்பையும் தவிருங்கள். பிரேக் சிக்னலை அதை நம்பி விட முடியாது, சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி மூடும் உறை) போடுங்கள். இதெல்லாம் பயமாக இருந்தால் உங்கள் மாடலுக்கென்றே செய்த வயரிங் ஹார்னஸ் விற்கிறார்கள், கம்பெனிப் ப்ளக்குகளுக்கு நடுவே செருகினால் போதும். எதையும் வெட்ட வேண்டாம். நான் கேட்டால் முதலில் அதைத்தான் வாங்கச் சொல்வேன். அந்தக் காசு, ஒரு பகல் முழுக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே தலைகீழாகப் படுத்துக் கிடப்பதை மிச்சப்படுத்தும்.

டேஷ்போர்டில் ஓட்டை போடும் முன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல வண்டிகளில் ஓட்டுநரின் முழங்காலுக்கு ஒரு ஏர்பேக் இருக்கும். டொயோட்டாவில் சும்மா இருக்கும் சுவிட்ச் இடத்திலேயே திருகைப் பொருத்தும் பட்டி கிடைக்கிறது, அதைப் போட்டால் கம்பெனி வேலை மாதிரியே இருக்கும்.

மாட்டி முடித்ததும் சாலைக்கு ஓடிவிடாதீர்கள். கேரவன் ப்ளக்கைக் கழற்றி, அதன் 5-ஆம் பின்னுக்கும் எர்த்தான 3-க்கும் நடுவே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். நான்கு காந்தமும் நன்றாக இருந்தால் ஒரு ஓம் அக்கம்பக்கம் காட்டும். அது இரண்டு ஆகிவிட்டால் பாதிக் காந்தம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பழைய கேரவனில் இது சகஜம், டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம் அளவு வைப்பது. ஞாயிறு காலை, ஆளில்லாத சமதளச் சாலை. மணிக்கு 40 கி.மீ.யில் போய் பிரேக் அழுத்துங்கள். கேரவன் பின்னாலிருந்து தள்ளினால் திருகை ஏற்றுங்கள், சட்டென்று பின்னுக்கு இழுத்தாலோ அதன் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தாலோ இறக்குங்கள். டோ-ப்ரோவில் தானியங்கி முறையும் உண்டு, ஆரம்பத்தில் பல தடவை பிரேக் அழுத்தினால் தான் எந்தக் கோணத்தில் இருக்கிறோம் என்று அதுவே கற்றுக்கொள்ளும். நெடுஞ்சாலைக்கு அது நன்று. மண் சாலையிலும் மெதுவான ஏற்ற இறக்கங்களிலும் கையால் வைக்கும் முறைக்கு மாறிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும்போது வைத்த அளவு, தொட்டி காலியானதும் அதிகமாகத் தெரியும். மழையிலும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும்.

அந்தத் திருகை அழுத்தினால் காரின் பிரேக் இல்லாமல் கேரவனின் பிரேக் மட்டும் பிடிக்கும். இதை வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள். பெரிய லாரி ஒன்று கடந்து போய்க் கேரவன் வாலாட்ட ஆரம்பித்தால், காரின் பிரேக்கை ஓங்கி அழுத்துவது நிலைமையை மோசமாக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி இதை மட்டும் லேசாக அழுத்தினால் கேரவன் பின்னுக்கு இழுபட்டு நேராகும். ஆட்டத்தின் மூலகாரணம் பெரும்பாலும் பின்பக்கம் அதிகச் சாமான். பால் எடை கேரவன் எடையில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா பாருங்கள். மெல்போர்னுக்கு மேற்கே பல்லாரட் பக்கம் போய்த் திரும்பும்போது பென்ட்லண்ட் ஹில்ஸ் இறக்கம் வரும், அங்கே டிரம்மை நம்பி பிரேக்கில் காலை வைத்தபடி இறங்காதீர்கள். சூடேறினால் டிரம் பிடி தளரும். மேலேயே கியரைக் குறைத்துவிட்டு இறங்குங்கள்.

பிரேக்அவேயைச் சோதிக்க அதன் பின்னை (கயிற்றால் காரோடு இணைத்த ஊசி) உருவிப் பார்ப்பீர்கள் அல்லவா, அதற்கு முன் காரிலிருந்து டிரெய்லர் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் கேரவன் பாட்டரியின் மின்சாரம் பின்வழியாகக் கன்ட்ரோலருக்குள் ஏறிவிடும். அந்தப் பின்னின் கயிறு காரின் டோ பாரில் நிலையான இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், கழற்றுகிற நாக்கில் அல்ல. ஏடிஎம் 2,500-ஐத் தாண்டினால் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு.

கடைசியாக அந்த 120 டாலர் பெட்டி. என்ன மாடல் என்று கேளுங்கள். உணரி இல்லாத, நேரம் வைத்து ஏற்றுகிற பழைய வகை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உணரி உள்ள நல்ல மாடல், வயர்கள் ஒட்ட வெட்டப்படாமல் இருக்கிறது, விற்பவர் தன் வண்டியில் வைத்து இயக்கிக் காட்டுகிறார் என்றால் வாங்கலாம். மிச்சமாகும் காசில் ஹார்னஸும் தடித்த கேபிளும் புதிதாக வாங்கிவிடுங்கள், அவற்றில் மட்டும் பழசு பார்க்காதீர்கள்.