முயற்சி உங்களுடையது, கணக்கு யாருடையது?

நெட்வொர்க் மார்க்கெட்டிங்கை, அதாவது பொருளை விற்றும் ஆள் சேர்த்தும் கமிஷன் பெறும் தொழிலைப் பற்றி வந்த கடிதங்களில், நிறுவனம் நல்லதா கெட்டதா என்று கேட்டவர்கள் குறைவு, “தவறு என்னிடம்தானா?” என்று கேட்டவர்களே அதிகம். ஆகவே மனப்பான்மை, உழைப்பு, பொறுப்பு ஆகிய மூன்றையும் தொடும் கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நான் ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன். பெயர்ப் பட்டியல் எழுதி, தெரிந்தவர்களுக்கெல்லாம் ப்ளான் (நிறுவனத்தின் வருமானத் திட்டம்) காட்டிவிட்டேன். வருமானம் சொல்லும்படியாக இல்லை. என் அப்லைனிடம் (என்னைச் சேர்த்து எனக்கு மேலே இருப்பவரிடம்) கேட்டால், “சிஸ்டத்தில் குறை இல்லை, உங்கள் மனப்பான்மையில்தான் குறை, நூறு சதவீதப் பொறுப்பும் உங்களுடையது” என்கிறார். இதை நான் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

பதில்: பாதியை ஏற்றுக்கொள்ளலாம். எந்த விற்பனைத் தொழிலிலும், மறுப்பைக் கேட்டு மனம் உடைந்து உட்கார்ந்துவிடுபவரைவிட அடுத்த வாடிக்கையாளரைத் தேடிப் போகிறவர் அதிகம் விற்பார் என்பதில் சந்தேகமில்லை. யாரைச் சந்திக்கிறீர்கள், பொருளைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்கள், சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்களா, வாங்கியவரை மறுபடியும் விசாரிக்கிறீர்களா என்பவை உங்கள் கையில் இருப்பவை. அவற்றுக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஆனால் பொருளின் விலை, கமிஷனைப் பகிரும் முறை, மாதந்தோறும் எவ்வளவு வாங்கினால் உங்கள் தகுதி நிலைக்கும் என்ற விதி, உங்களுக்கு முன்பே எத்தனை பேர் அதே பொருளை அதே வட்டாரத்தில் விற்கிறார்கள் என்ற நிலைமை ஆகியவற்றில் ஒன்றையாவது நீங்கள் தீர்மானித்தீர்களா? தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதையும் மேலே வைத்துக்கொண்டு, பொறுப்பு முழுவதையும் கீழே இறக்கி வைப்பதை ஊக்கப் பேச்சு என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் அப்லைனின் வாதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் ஜெயித்தால் சிஸ்டம் சரியானது. தோற்றால் ஆள் சரியில்லை. எந்த முடிவு வந்தாலும் சிஸ்டம் தப்பித்துவிடுவதால், அதைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லாமல் போகிறது. பிறருடைய நடத்தைக்குக் காரணம் தேடும்போது நாம் அவர்களுடைய சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தை மிகுத்தும் மதிப்பிடுகிறோம் என்பதைச் சமூக உளவியலாளர் லீ ராஸ் 1977இல் ஓர் அடிப்படைப் பிழையாகப் பெயரிட்டு விளக்கினார். நம்மில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான் அது. சில மேடைகளில் மட்டும் அது பாடத்திட்டமாகவே ஆகிவிட்டிருக்கிறது.

மேலும், ஆட்கணக்கு யாருடைய மனப்பான்மைக்கும் கட்டுப்படாது. ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க, அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்க என்று போனால், பத்தாவது படியில் மட்டும் ஆறு கோடிக்கு மேல் ஆட்கள் தேவைப்படுவார்கள். பதின்மூன்றாவது படிக்கு 1,306 கோடிப் பேர் வேண்டும். உலக மக்கள்தொகையே சுமார் 800 கோடிதான். நடைமுறையில் எந்தக் குழுவும் இவ்வளவு ஒழுங்காக விரிவதில்லை. பெரும்பாலானவர்கள் ஒருவரையோ இருவரையோ சேர்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள், பலர் ஒருவரையும் சேர்ப்பதில்லை. இருந்தாலும், குழு எவ்வளவு பெரியதானாலும், எந்த நாளில் எடுத்துப் பார்த்தாலும் கீழ்ப்படிகளில் இருப்பவர்களே பெரும்பான்மையாக இருப்பார்கள். அவர்கள் அத்தனை பேரும் நாளைக் காலையில் உயர்ந்த மனப்பான்மையோடு எழுந்தாலும், அத்தனை பேருக்கும் கீழே ஒரு டவுன்லைன், அதாவது அவர்கள் சேர்த்த ஆட்களின் வரிசை, இருக்க முடியாது. கடுமையாக உழைத்தால் நீங்கள் ஒருவர் மேலே போகக்கூடும் என்பது உண்மையாக இருக்கலாம். உழைத்தால் எல்லாரும் மேலே போகலாம் என்று அதே வாயால் அரங்கம் முழுவதற்கும் சொல்லும்போதுதான் அது பொய்யாகிறது.

கேள்வி: நான் உழைக்கவில்லை என்று என்னாலேயே சொல்ல முடியாது. காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி அனுப்புகிறேன், மாலையில் ஆன்லைன் கூட்டம், வார இறுதியில் செமினார். என் உழைப்பு போதுமானதா இல்லையா என்பதை எதை வைத்து அளப்பது?

பதில்: கழிந்த ஒரு மாதத்தில் நீங்கள் செலவிட்ட நேரத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். குழுவில் இல்லாத, கமிஷன் எதையும் எதிர்பார்க்காத ஒருவருக்குப் பொருளை விற்கச் செலவிட்ட நேரம் முதலாவது. புதிதாக ஆள் சேர்க்கச் செலவிட்ட நேரம் இரண்டாவது. கூட்டம், பயிற்சி, ஊக்க உரை, குழுச் செய்தி ஆகியவற்றில் போன நேரம் மூன்றாவது. நீங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கும் எல்லாமே மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. அது களைப்பைத் தரும். நாள் முழுவதும் வேலை செய்த நிறைவையும் தரும். விற்பனையை மட்டும் தராது. சோம்பேறி என்று உங்களை யாரும் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் உழைப்பு எந்த வாடிக்கையாளரையும் போய்ச் சேரவில்லை.

வெளி வாடிக்கையாளருக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் உண்டு. 1979இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், ஆம்வே என்ற நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனம் சட்டவிரோதப் பிரமிடு (விற்பனையால் அல்லாமல் ஆள் சேர்ப்பதாலேயே பணம் வரும் திட்டம்) அல்ல என்று தீர்ப்பளித்தது. விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதி, வாங்கிய சரக்கில் குறைந்தது 70 சதவீதத்தை மாதந்தோறும் விற்றிருக்க வேண்டும் என்ற விதி, மாதத்துக்குப் பத்துச் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றிருக்க வேண்டும் என்ற விதி ஆகிய மூன்றும் அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரமாக இருந்தன. வருமானத்தைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்வதை நிறுத்த வேண்டும் என்றும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. மேடைகளில் அந்தப் பகுதியை யாரும் நினைவுகூர்வதில்லை. 2016இல் இதே துறையைச் சேர்ந்த ஹெர்பலைஃப் நிறுவனம் அதே ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில் 20 கோடி டாலர் செலுத்தியதுடன், விநியோகஸ்தர்களுக்குத் தரும் பலன்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, பதிவு செய்து சரிபார்க்கப்பட்ட சில்லறை விற்பனையை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கும் உட்பட்டது. இத்தொழிலில் எது உழைப்பு என்று ஒழுங்குமுறை அமைப்புகள் பார்க்கும் இடம் இதுதான்: பொருள் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது?

நேரத்தைப் போலவே பணத்தையும் எழுதுங்கள். வங்கிக்கு வந்த கமிஷனை மட்டும் பார்த்து வருமானம் என்று எண்ணிக்கொள்வது இத்துறையில் மிகப் பரவலான பழக்கம். ஐ.டி. (உறுப்பினர் கணக்கு) ஆக்டிவாக இருக்க வேண்டும் என்பதற்காக நீங்களே வாங்கிய பொருள்கள், பயணச் செலவு, செமினார் கட்டணம், பயிற்சிக்காக வாங்கியவை, இலவச மாதிரிகள் ஆகிய எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வருமானம். முன்பு சொன்ன அமெரிக்க ஆணையத்தின் அலுவலர்கள் இத்துறையின் 70 நிறுவனங்களின் வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட அறிக்கையில், பெரும்பான்மையான உறுப்பினர்கள் பெற்றது ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு என்று காட்டினார்கள். அதுவும் செலவுகளைக் கழிக்காத தொகை. உங்கள் கணக்கில் மாதாமாதம் கழித்தல் குறி வந்துகொண்டிருந்தால், அதை இன்னும் அதிகமான கூட்டங்களுக்குப் போவதால் சரிசெய்ய முடியாது.

கேள்வி: கமிஷன் விதிகளைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். “நெகட்டிவாகப் பேசாதீர்கள், குழு கெட்டுப்போகும்” என்று உட்கார வைத்துவிட்டார்கள். என் மனப்பான்மை உண்மையிலேயே தவறா?

பதில்: இல்லை. பணம் போடுகிறவர் விதியைக் கேட்பது எந்தத் தொழிலிலும் குறைந்தபட்ச எச்சரிக்கை. ஒரு கேள்வியால் கெட்டுப்போகும் குழு, அந்தக் கேள்வி கேட்கப்படும் முன்பே கெட்டுத்தான் இருந்தது. அடுத்த முறை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் பெறுங்கள்.

கேள்வி: எனக்குக் கீழே நாற்பது பேர் வரை சேர்ந்தார்கள், இப்போது நான்கைந்து பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். நின்றுவிட்டவர்களில் என் நாத்தனாரும் ஒருவர். வாங்கி வைத்த சரக்கு அவர் வீட்டில் அப்படியே கிடக்கிறது. “அவர்கள் உழைக்கவில்லை, அதற்கு நீங்கள் பொறுப்பல்ல, மனத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்” என்று எங்கள் லீடர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. அந்த லீடரின் பேச்சில் ஒரு வசதி இருக்கிறது. டவுன்லைன் விற்றால் அதிலிருந்து வரும் கமிஷனுக்கு அவர் காரணம் ஆகிறார். டவுன்லைன் நஷ்டப்பட்டால் அதற்கு டவுன்லைனே காரணம் ஆகிறது. வரவில் பங்கு கேட்கிறவர் நஷ்டத்தைப் பற்றிய விசாரணையிலும் உட்கார வேண்டும்.

அதற்காக நாற்பது பேருடைய நஷ்டத்தையும் நீங்களே சுமக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் பொறுப்பின் எல்லை, அவர்களைச் சேர்க்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்களுடைய உண்மையான வருமானத்தைச் செலவு கழித்துச் சொன்னீர்களா, அல்லது மேடையில் கேட்ட ஒரு தொகையைச் சொன்னீர்களா? இவ்வளவு சரக்கை வாங்கி வைக்கச் சொன்னது யார்? வேலையை விட்டுவிடலாம், கடன் வாங்கிச் சேரலாம் என்று யாரிடமாவது சொன்னீர்களா? உண்மையை முழுவதும் சொல்லி, அதைக் கேட்ட பிறகும் விரும்பிச் சேர்ந்து, பிறகு ஆர்வம் குறைந்து நின்றவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன மிகையான வார்த்தையை நம்பிச் சேர்ந்தவரிடம் பதில் சொல்லியே ஆக வேண்டும். நாத்தனார் விஷயத்தில் உறவும் சேர்ந்திருப்பதால் அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். உறவுக்காகச் சேர்ந்தவர்கள் உறவுக்காகவே நஷ்டத்தையும் விழுங்கிவிடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. ஆகவே நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.

செய்யக்கூடியதும் உண்டு. ஒப்பந்தத்தில் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதி எத்தனை நாள்களுக்கு, எந்த நிலையில் உள்ள சரக்குக்குப் பொருந்தும் என்று பாருங்கள். காலம் மீதமிருந்தால் ரசீதோடு எழுத்து மூலமாகக் கோருவதற்கு அவருக்கு உதவுங்கள். நிறுவனம் தட்டிக்கழித்தால், இந்தியாவில் 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட நேரடி விற்பனை விதிகள், விற்பனையாளர்கள் விற்கும் பொருளாலும் காட்டும் தொழில் வாய்ப்பாலும் எழும் குறைகளுக்கு நிறுவனமே பொறுப்பு என்று சொல்வதைக் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். “அது விநியோகஸ்தர் தனிப்பட்ட முறையில் சொன்னது, எங்களுக்குத் தெரியாது” என்ற பதிலோடு நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. திருப்பிக் கொடுப்பதற்கான கால வரம்பு மட்டும் கடந்துவிட்ட, இன்னும் கெடாத சரக்கை உங்கள் வாடிக்கையாளர்களுக்கு முதலில் விற்றுக் கொடுப்பது, புது ஆளைச் சேர்ப்பதைவிட முந்திய கடமை.

கேள்வி: எனக்கு நிலையான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், பொருளில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆள் சேர்ப்பதில் ஆர்வம் இல்லை. அதனால் குழுவில் என்னை முயற்சி இல்லாதவராகப் பார்க்கிறார்கள். விலகிவிடலாமா?

பதில்: விலகுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. டவுன்லைனிலிருந்து வரும் கமிஷனைச் சுழியம் என்று வைத்து, சொந்த விற்பனையில் கிடைப்பதை மட்டும் எடுத்து, முன்பு சொன்ன எல்லாச் செலவுகளையும் கழித்துப் பாருங்கள். அப்போதும் உங்கள் நேரத்துக்குத் தகுந்த தொகை மிஞ்சினால், நீங்கள் நடத்துவது ஒரு சிறு வியாபாரம். குழுவின் பாராட்டு அதற்குத் தேவையில்லை. மிஞ்சாவிட்டால், அதே வாடிக்கையாளர்களுக்கு அதே நம்பிக்கையோடு வேறு எதை விற்கலாம் என்று யோசிக்கத் தொடங்குங்கள். அவர்கள் உங்களிடம்தான் வருகிறார்கள்.