பிரியும் வேளையில் என்ன கொடுப்பது?

கேள்வி: மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஜப்பான் சென்றுள்ள என் மகள், தன்னைத் தங்கவைத்த குடும்பத்தாரிடமிருந்து அடுத்த வாரம் விடைபெறுகிறாள். கொண்டுபோன தேயிலைப் பெட்டிகளைப் போன அன்றே கொடுத்துவிட்டதால், இனி எதைக் கொடுத்து, எப்படிப் பிரிவது என்று தடுமாறுகிறாள்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தேயிலையை முதலிலேயே கொடுத்தது சரிதான். பெற்ற பரிசுக்குப் பதில் செய்யும் வழக்கம் ஜப்பானியரிடம் ஆழமாக ஊறியிருப்பதால், இப்போது விலையுயர்ந்த பொருளைக் கொடுத்தால் அது அவர்களுக்குச் சுமையாகவே முடியும். கையால் எழுதிய கடிதம் போதும். அதில் "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று பொதுவாக எழுதாமல், காலையில் கட்டிக் கொடுத்த மதிய உணவுப் பெட்டி, மழையில் ரயில் நிலையம்வரை குடையுடன் வந்த பாட்டி என்று, அவளுக்கு உண்மையில் நடந்தவற்றையே எழுதட்டும். ஜப்பானிய எழுத்தில் பிழை இருந்தாலும், இயந்திரம் மொழிபெயர்த்த பிழையற்ற கடிதத்தைவிட அதுவே மேல் என்பது என் எண்ணம்.

கடிதத்தை இரு கைகளாலும் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் முன்னிலையில் பிரிக்காதிருப்பது அங்கு மரியாதை என்பதால், அவர்கள் உடனே படிக்காவிட்டால் மனம் கோண வேண்டியதில்லை. கட்டியணைப்பதை அவர்களே தொடங்கினாலொழியத் தவிர்க்கலாம். போகிறவர் கண்ணில் மறையும்வரை வாசலில் நின்று கையசைப்பது பல வீடுகளில் வழக்கமாதலால், தெருத் திருப்பத்தில் ஒருமுறை திரும்பித் தலைவணங்கச் சொல்லுங்கள். (வேன் நிறைய உறவினர் திரளும் நம் கட்டுநாயக்க விமான நிலைய வழியனுப்பலை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.)

அவள் புறப்படுவதற்கு முதல் நாள் நீங்களும் தொலைபேசியில் நன்றி சொல்லுங்கள். ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முந்தியதாகையால், கொழும்பு நேரம் மாலை 5 மணிக்குள் அழைப்பது நல்லது.