எல்லையைக் கடந்தவர் யார்? மலையக மிஷன் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுபவருக்கு

கேள்வி: இறையியல் முதுகலைமாணிப் பட்டத்துக்காக ஆறு மாதத்தில் 8,000 சொற்களில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். 'மலையகத்தில் பண்பாடு கடந்த கிறிஸ்தவ மிஷன் பணி' என்று தலைப்புக் கொடுத்தேன். மிகப் பரந்தது என்று மேற்பார்வையாளர் திருப்பிவிட்டார். நான் இலங்கை மலையகத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கே தொடங்குவது? (ஹட்டன் வாசகர்)

பதில்: திருப்பியது நல்லதாயிற்று. அந்தத் தலைப்புக்குள் அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்டிஸ்டுகள், கத்தோலிக்கர் எல்லோரும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். கோப்பிக் காலமும் தேயிலைக் காலமும் கூடவே வரும். இடத்தையும் ஆண்டையும் வெட்டினால் தலைப்பு சிறிதாகும், கேள்வி பிறக்காது. யார், எந்த எல்லையைக் கடந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

1854இல் கண்டியை மையமாக வைத்துத் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனை எடுத்துக்கொள்வோம். நடத்தியது சி.எம்.எஸ். என்னும் இங்கிலாந்துத் திருச்சபை மிஷன் சங்கம். பணம் கொடுத்தவர்களில் தோட்டத் துரைமார் முக்கியமானவர்கள். லயன்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, போய்ப் பிரசங்கித்தவர்களோ திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள். அவர்களும் தமிழர், கேட்டவர்களும் தமிழர். அப்படியென்றால் பண்பாட்டு எல்லை எங்கே இருந்தது? வெள்ளைக்காரருக்கும் தமிழருக்கும் இடையில் என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்து, ஆள்சேர்த்து மேற்பார்த்த பெரிய கங்காணியிடம் கடன்பட்டு, துண்டு என்னும் விடுவிப்புச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாமல் இருந்த ஒரு தொழிலாளியின் கண்ணுக்கு, துரையின் அனுமதியோடு லயனுக்குள் வந்த உபதேசியார் யாராகத் தெரிந்திருப்பார்? தம் ஆளாகவா, துரையின் ஆளாகவா? உங்கள் கட்டுரைக்கு இந்த ஒரு கேள்வி போதும். 1854இலிருந்து, 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்து முடித்த 1880கள் வரை என்று காலத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

ஆதாரங்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். சி.எம்.எஸ். ஆவணங்கள் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன; அங்கே போக உங்களுக்கு நேரமும் இல்லை, செலவும் கட்டாது. சங்கத்தின் அச்சிட்ட பழைய ஆண்டறிக்கைகள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை நன்கொடையாளர்களுக்காக எழுதப்பட்டவை. மனந்திரும்பிய ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். கேட்டுவிட்டு எழுந்து போன நூறு பேரைப் பற்றி அரை வரிகூட இராது. அந்த மௌனத்தையும் ஆதாரமாக வாசிக்கப் பழகுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு இதற்கு நேர் எதிர். பெயர், பெற்றோர், இருப்பிடம், தொழில் என்று நான்கு விவரம்தான், ஆனால் யாரையும் கவர எழுதியதல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கட்டுரை தானாகப் பேசத் தொடங்கும்.

'கூலி' என்ற சொல் உங்களை உறுத்தும், உறுத்தவும் வேண்டும். அமைப்பின் பெயரிலும் மேற்கோளிலும் மட்டும் அப்படியே விடுங்கள். உங்கள் வாக்கியங்களில் தொழிலாளர் என்றே எழுதுங்கள். காரணத்தை முன்னுரையில் ஒரு வரியில் சொன்னால் போதும்.

கோட்பாட்டுக்கு, அதே திருநெல்வேலி மண்ணில் பிறந்த, பிற்பாடு அங்கிலிக்க ஆயரான வி.எஸ்.அசரியாவைப் பாருங்கள். 1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், மிஷனரிகளின் தியாகத்தை ஏற்றுக்கொண்டே, அவர்களிடம் நட்பு வேண்டும் என்று கேட்டவர். கூர்மையான கண்ணாடிதான். ஆனால் அதை 1860களின் மேல் அப்படியே மாட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நேர்காணல் செய்ய ஆசை என்றால் காலத்தையே மாற்ற வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. குடும்பம் குடும்பமாகக் கப்பலேறியபோது தோட்டச் சபைகளுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அதுவும் நல்ல தலைப்பு, ஒருவேளை முதலாவதைவிட அவசரமானது. இரண்டையும் ஒரே கட்டுரையில் கட்டாதீர்கள். இதை எடுத்தால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை அனுமதியை முதல் மாதமே கேட்டுவிடுங்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு பெண்களைப் பேட்டிக்கு உட்கார வைக்காதீர்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நிதானமாகப் பேசுவார்கள். நீங்கள் தோட்டத்துப் பிள்ளை என்பதால் 'உனக்குத் தெரியாததா' என்று பாதியில் நிறுத்துவார்கள். தெரியாது என்று சொல்லிக் கேளுங்கள்.

எந்தத் தலைப்பானாலும் முதல் வேலை ஒன்றுதான்: பக்கத்துத் தோட்டத்துப் பழைய ஆலயத்தின் குருவானவரிடம் பதிவேடுகள் எந்த ஆண்டிலிருந்து இருக்கின்றன என்று கேட்டு, அதைப் பார்த்த பிறகு மேற்பார்வையாளருக்கு மறுபடியும் எழுதுங்கள்.