ஜப்பானிடம் சீனா கேட்காமல் விட்டது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சீனா உலகச் சந்தைக்குள் வந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நிக்சனின் பெய்ஜிங் பயணத்தில் தொடங்கி உலக வர்த்தக அமைப்பு வரை வந்த அந்தக் கட்டுரையில் ஜப்பானுக்கு ஒரே ஒரு வரிதான். எனக்கு அங்கேதான் உறுத்தியது. 1937-இல் நான்கிங்கில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையை எந்தச் சீனரும் மறந்திருக்க முடியாது. 35 ஆண்டுகளிலேயே, ஒரு காசு இழப்பீடுகூட வாங்காமல், அதே ஜப்பானோடு எப்படிக் கைகுலுக்கினார்கள்? மறந்துவிட்டார்களா, இல்லை வியாபாரத்துக்காக இறந்தவர்களை விற்றுவிட்டார்களா? நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "ராஜதந்திரத்தில் மானம் ரோஷம் பார்க்க முடியாது" என்றார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கதிரவன், சேலம்

அன்புள்ள கதிரவன்,

ஜப்பானை ஒரு வரியில் முடித்தது என் தவறுதான். அமெரிக்காவோடு பேசியதால் சீனாவுக்குக் கதவு திறந்தது. ஆனால் அந்தக் கதவு வழியாக முதலில் உள்ளே வந்த இயந்திரங்களிலும் கடனிலும் பெரும்பங்கு ஜப்பானுடையது.

மறந்துவிட்டார்களா என்று கேட்கிறீர்கள். ஒரு விருந்தைச் சொல்கிறேன்.

1972 செப்டம்பர் 25. ஜப்பானியப் பிரதமர் காகுவே தனாகா பெய்ஜிங்கில் வந்து இறங்கிய நாள். இரவு விருந்தில் பேச எழுந்த தனாகா, கடந்த காலத்தில் சீன மக்களுக்கு நாங்கள் பெரும் சிரமம் கொடுத்துவிட்டோம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். அவர் சொன்ன ஜப்பானியச் சொல் 'மேய்வாக்கு'. மொழிபெயர்ப்பாளர் அதைச் சீனத்தில் 'மாஃபான்' என்றார். நம் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்பும் விருந்தாளி, "உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டோம்" என்பாரே, அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு எடை. அதுவரை கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. மறுநாள் பேச்சுவார்த்தையில் சீனப் பிரதமர் சூ என்லாய் அதை விடவில்லை. ஒரு பெண்ணின் பாவாடையில் தெரியாமல் தண்ணீர் சிந்திவிட்டால் சொல்கிற வார்த்தை இது என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

29-ஆம் தேதி வெளியான கூட்டறிக்கையில் வாசகம் மாறியிருந்தது. போரால் சீன மக்களுக்கு ஏற்பட்ட பெரும் சேதத்துக்குத் தன் பொறுப்பை உணர்ந்து, ஜப்பான் தன்னைத் தானே ஆழமாகக் கடிந்துகொள்கிறது என்று எழுதினார்கள். மன்னிப்பு என்ற சொல் அதிலும் கிடையாது. ஆனாலும் ஒரு சொல்லுக்காக இப்படி மல்லுக்கு நின்றவர்களை மறந்துவிட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

அதே அறிக்கையின் 5-ஆம் பிரிவில்தான் போர் இழப்பீடு கேட்கும் உரிமையைச் சீன அரசு கைவிட்டது. அப்போதைய நிலைமையைப் பாருங்கள். 1969-இல் உசூரி ஆற்றின் ஒரு தீவுக்காகச் சோவியத் படைகளோடு துப்பாக்கிச் சண்டை நடந்திருந்தது. வடக்கே அவ்வளவு பெரிய பகையை வைத்துக்கொண்டு கிழக்கேயும் ஒன்றைச் சுமக்க மாவோ விரும்பவில்லை. மாவோவிடம் உள்நாட்டுப் போரில் தோற்றுத் தைவானில் தனி அரசு நடத்திய சியாங் கை ஷேக் 1952-லேயே இழப்பீட்டை விட்டுக்கொடுத்திருந்தார். அவரைவிடக் கறாராக நின்றால் ஜப்பானைத் தைவானிடமிருந்து பிரிக்க முடியாது என்ற கணக்கும் இருந்தது. மக்களுக்குச் சொன்ன காரணம் வேறு: போரை நடத்தியவர்கள் ஒரு சில ராணுவ வெறியர்கள், ஜப்பானியப் பொதுமக்களும் அவர்களால் பாதிக்கப்பட்டவர்களே, அந்தச் சுமையை அவர்கள் பிள்ளைகளின் தலையில் ஏற்றக்கூடாது. இந்தக் காரணத்தை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அது மக்களிடம் சொல்லப்பட்டது, அவ்வளவுதான். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். தூதரக உறவே இல்லாத 1962-லேயே இரு நாட்டுக்கும் ஒரு வர்த்தக ஏற்பாடு இருந்தது. சீனத் தரப்பில் அதைச் செய்து முடித்த லியாவ் செங்ஜி டோக்கியோவில் பிறந்தவர், ஜப்பானிய மொழியைத் தாய்மொழிபோலப் பேசியவர். நாடுகள் முகம் திருப்பிக்கொண்டிருந்த காலத்திலும் மனிதர்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. இந்த மாதிரி ஆட்களைப் பற்றி நாம் போதுமான அளவு எழுதுவதே இல்லை என்பது என் ஆதங்கம்.

பெரிய திருப்பம் 1978-இல் வந்தது. ஆகஸ்ட் 12-இல் அமைதி, நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் சடங்குக்காக அக்டோபரில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கே டோக்கியோ போனார். ஜப்பானியப் படைகளை எதிர்த்துப் போரிட்ட 129-ஆவது டிவிஷனின் அரசியல் ஆணையராக இருந்தவர் அவர். எந்தப் பேரரசரின் பெயரால் அந்தப் படைகள் வந்தனவோ, அந்த ஹிரோஹிட்டோவின் எதிரே உட்கார்ந்து, நடந்தது நடந்துவிட்டது, இனி முன்னே பார்ப்போம் என்ற பொருளில் பேசினார். அப்புறம் தனாகாவின் வீட்டுக்கும் போனார். தனாகா அப்போது லாக்ஹீட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் லஞ்ச வழக்கில் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருந்தவர், சொந்த நாட்டிலேயே பலர் ஒதுங்கி நின்றார்கள். தண்ணீர் குடிப்பவன் கிணறு வெட்டியவனை மறக்கக்கூடாது என்பது சீனப் பழமொழி. டெங் அதன்படி நடந்தார்.

ஜாமாவில் உள்ள நிஸான் கார் ஆலையில் ரோபோக்கள் வேலை செய்வதைக் காட்டினார்கள். இங்கே ஒரு தொழிலாளி ஆண்டுக்கு 94 கார் தயாரிக்கிறார் என்று சொன்னதும், எங்கள் சாங்சுன் ஆலையைவிட 93 அதிகம் என்றார் டெங். ஒரு நாட்டின் தலைவர், அதுவும் தன்னை அடித்த நாட்டின் மண்ணில் நின்றுகொண்டு, இப்படி வாய்விட்டுச் சொல்வது சாதாரணக் காரியமா? கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போனபோது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பின்னாலிருந்து தள்ளி ஓடச் சொல்வதுபோல இருக்கிறது, இப்போது எங்களுக்கு வேண்டியது இதுதான் என்றார். ஒசாகா பக்கம் தொலைக்காட்சி ஆலையில் அந்தக் கம்பெனியை நிறுவிய 83 வயது மட்சுஷிதா கோனோசுகேவைச் சந்தித்து, சீனா நவீனமாவதற்கு உதவ முடியுமா என்று கேட்டார். அவர் சரி என்றார். எங்கள் வீட்டில் வெகுநாள் பாடிய நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர் அவர் கம்பெனியுடையது. பிற்பாடு அதே பெயரில் ஒரு ரேடியோ வாங்கினேன். பின்பக்கம் சீனத் தயாரிப்பு என்று இருந்தது. இந்தக் கதையின் ஒரு நுனி என் கையிலேயே இருந்திருக்கிறது!

கிமிட்சு உருக்காலையைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி ஒன்று எங்களுக்கு வேண்டும் என்றார் டெங். ஷாங்காய் அருகே பாவ்ஷான் உருக்காலைக்கு டிசம்பர் 23-இல் வேலை தொடங்கியது. பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பிறந்தநாளாகச் சீனர்கள் சொல்லும் கட்சிக் கூட்டம் முடிந்தது அதற்கு முந்தைய நாள்தான். இரண்டு ஆண்டுகளில் கையில் அந்நியச் செலாவணி இல்லாமல் பல ஒப்பந்தங்களைச் சீனா பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. ஜப்பான் புதுக் கடன் கொடுத்துத் தூக்கிவிட்டது. 1979-இல் பிரதமர் ஓஹிரா அறிவித்த மலிவு வட்டிக் கடன் வரிசை மொத்தம் 3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. துறைமுகம், ரயில் பாதை, மின் நிலையம் எல்லாம் அதில் வந்தன. இழப்பீட்டை வேறு பெயரில் வாங்கிக்கொண்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இது வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன். இழப்பீடு என்றால் கொடுப்பவர் தவற்றை ஒப்புக்கொண்டு கொடுக்க வேண்டும். அதனால் அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

விற்றுவிட்டார்களா என்ற உங்கள் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நாட்டை நிமிர்த்துவதற்காகப் பகையை ஓரம் வைத்ததைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கோடிக்கணக்கானவர்கள் வறுமையிலிருந்து மீண்டதில் அந்த முடிவுக்குப் பங்கு இருக்கிறது. உங்கள் நண்பர் சொன்னதுபோல மானத்தை விட்டுச் செய்த காரியமாகவும் அது எனக்குத் தெரியவில்லை. ஆனால் அரசு தன் கணக்கை முடிக்கும்போது தனி மனிதர்களின் கணக்கையும் சேர்த்து முடித்துவிட்டது. அந்த இடத்தில் உங்கள் கோபம் நியாயமானது. தீர்க்காமல் விட்டது வேறு இடங்களில் வெடித்தது. ஜப்பான் சென்காகு என்றும் சீனா தியாவ்யூ என்றும் சொல்லி உரிமை கோரும் தீவுகளின் சண்டையைப் புத்திசாலியான அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளும் என்று டெங் டோக்கியோவில் சொன்னார். 2012-இல் அதே தீவுகளுக்காகச் சிங்தாவ் நகரில் கூட்டம் புகுந்து தீவைத்த இடங்களில் பானாசோனிக் ஆலையும் ஒன்று. ஆறு ஆண்டு கழித்து, சீர்திருத்தத்துக்கு உதவிய வெளிநாட்டவர் 10 பேருக்குச் சீன அரசு பதக்கம் கொடுத்தபோது அதில் மட்சுஷிதாவின் பெயர் இருந்தது.

தனி மனிதர்களின் கணக்கு என்றேனே, அதற்கு ஓர் உதாரணம். 1944-இல் ஹிரோஷிமா மாவட்டம் யாசுனோவில் நீர்மின் நிலையம் கட்ட 360 சீனர்களைக் கட்டாயமாகக் கொண்டுபோய் நிஷிமாட்சு என்ற கட்டுமான நிறுவனத்திடம் வேலை செய்ய வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர்கள் தரப்பில் சிலர் ஜப்பானிய நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2004-இல் ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2007 ஏப்ரல் 27-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், 1972 அறிக்கையின் 5-ஆம் பிரிவு. கொடுமை நடந்தது உண்மை, ஆனால் வழக்குப் போட்டுக் கேட்கும் வழி அன்றே அடைந்துவிட்டது, நிறுவனம் தானாக முன்வந்து ஏதாவது செய்தால் நல்லது என்றது நீதிமன்றம். 2009-இல் நிறுவனம் முன்வந்தது. 360 பேருக்கும் சேர்த்து 25 கோடி யென். மறு ஆண்டு அந்த மின் நிலையத்தின் அருகே ஒரு நினைவுக்கல் நட்டு, 360 பேரின் பெயர்களையும் பொறித்தார்கள்.